இருபத்தேழு மரங்களின் சொந்தக்காரி

இல்லை. அந்த மரங்களை நான் வாங்கவில்லை. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். பட்டா, பத்திரம், குத்தகை, எதுவும் என் பெயரில் இல்லை. என் பெயரில் இருப்பது இந்த வீடு ஒன்றுதான். அதுவும் என் கணவர் கட்டியது. பொள்ளாச்சியில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

உட்காருங்கள் அம்மா, நின்றுகொண்டே கேட்காதீர்கள். நாற்பது வளைவு இறங்கி வந்திருக்கிறீர்கள், முகம் வெளுத்திருக்கிறது. அந்த மோரைக் குடியுங்கள். உப்பு போட்டிருக்கிறேன்.

நீங்கள் சொன்னதை நான் ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். வால்பாறைக்கு அந்தப் பக்கம் ஈத்தக்குழி பழங்குடி செட்டில்மெண்ட்டைச் சுற்றி இருக்கிற குங்கிலிய மரங்களை வெளியூர் ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு வனத்துறையில் குத்தகைக்கு விடப் பார்க்கிறார்கள். செட்டில்மெண்ட் மக்கள் 'எங்கள் மரம்' என்று உரிமை கோரினால் விட முடியாது. அதற்காகத்தான் வியாழக்கிழமை விசாரணை. போன வாரம் அதிகாரி மேலே போய், அங்கே பரம்பரையாகக் குங்கிலியம் எடுக்கிற வெள்ளச்சியிடம் கேட்டிருக்கிறார், 'இந்த இருபத்தேழு மரமும் உங்களுடையதுதானே அம்மா?' என்று. நல்ல மனிதர்தான் போலிருக்கிறது, அவளுக்குச் சாதகமாகவே கேட்டிருக்கிறார். அவள் சொல்லியிருக்கிறாள், 'இல்லீங்க சார், எங்களது இல்ல. நோட்டம்மாவோடது.'

நோட்டம்மா நான்தான். எப்போதும் கையில் ஒரு நோட்டு வைத்திருப்பேன். என் பெயர் தமயந்தி என்பது அங்கே யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

ஆக, பழைய திட்டத்தில் வேலை பார்த்த ஒருத்தி பழங்குடி மக்களின் மரத்தை வளைத்துப் போட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். மறுக்க வேண்டாம், நீங்கள் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அந்த மக்களுக்காக அலைகிற உங்கள் இடத்தில் நான் இருந்தவள்தானே.

கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் தாவரவியல் நடத்தினேன். ஓய்வு பெற்ற வருடமே என் கணவர் போய்விட்டார். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பானேன் என்று இந்தத் திட்டத்தில் சேர்ந்தேன். காட்டைக் கெடுக்காமல் காட்டிலிருந்தே பிழைப்பது. எவ்வளவு அழகான எண்ணம், சொல்லுங்கள். இப்போதும் அது அழகான எண்ணம்தான். அதில் தப்பில்லை. தப்பு அதில் இல்லை.

குங்கிலிய மரத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஜீப்பில் இருந்தே பார்த்தீர்களா? சரி. இளம் இலை துளிர்க்கும்போது அந்த மரம் மட்டும் பச்சைக் காட்டுக்குள் சிவப்பாக நிற்கும். அதன் பழத்துக்கு இருவாச்சி வரும். அது சிறகடிப்பது முதலில் கேட்கும், பறவை பிறகுதான் தெரியும். மழை விட்டபின் பட்டையில் சின்னதாக ஒரு வெட்டு வைத்தால் மாதக்கணக்கில் பிசின் கசிந்து கறுத்து இறுகும். அதைச் சுரண்டி எடுத்து வந்து விற்பார்கள். ஈத்தக்குழிக்காரர்கள் சின்ன வெட்டுதான் வைப்பார்கள். ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள் அப்படியில்லை. அடிமரத்தைச் சுற்றித் தீ மூட்டுவார்கள். ஒரே தடவையில் நிறைய வடியும். அப்புறம் மரம் நின்றபடியே செத்துப்போகும். அடுத்த மலையில் அப்படிச் செத்த மரங்களை நான் பார்த்திருக்கிறேன். வியாழக்கிழமை என்ன ஆகப் போகிறது என்று நீங்கள் எனக்கு விளக்க வேண்டாம்.

நம் மக்களின் குங்கிலியத்தை வெளிநாட்டில் வாங்க ஒரு நிறுவனம் முன்வந்தது. நல்ல மனிதர்கள். ஒரே ஒரு நிபந்தனை. எந்த மரத்திலிருந்து எடுத்தது என்று தெரிய வேண்டும், ஒவ்வொரு மரத்துக்கும் எண் வேண்டும். அலுமினியத் தகடு வந்தது. நம்பர் அடித்த தகடு, ஒன்று முதல் இருபத்தேழு வரை. கூடவே ஆணி.

நான் கேட்டேன் அம்மா. கேட்காமல் செய்யவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் திட்டத்தில் கேட்கிறார்கள்? வருவார்கள், அடிப்பார்கள், போவார்கள். நான் செட்டில்மெண்ட்டில் எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டேன். 'மரத்தில் நான் ஓர் ஆணி அடிக்கலாமா?' என்று கேட்டேன்.

வெள்ளச்சி தன் புருஷன் கரியனைப் பார்த்தாள். கரியன் தரையைப் பார்த்தான். கடைசியில் அவள்தான் சொன்னாள்.

"கேட்டுட்டீங்க. அடிங்க."

"எல்லா மரத்திலயும் அடிக்கணும் வெள்ளச்சி."

"எல்லாமா?" என்றாள். பிறகு சிரித்தாள். "நோட்டம்மாவுக்கு ஆசை பெருசுதான். செரி, எல்லாத்துலயும் அடிங்க."

அதை வேடிக்கை என்று நினைத்து நானும் சிரித்தேன். இரண்டு நாள் நடந்தோம். எனக்கு அப்போது முட்டி நன்றாக இருந்தது. ஆள் வைத்து அடித்திருக்கலாம். ஆனால் நானே அடித்தேன். மக்களோடு நின்று வேலை செய்ய வேண்டும் என்பது என் கொள்கை. போட்டோவும் எடுத்தார்கள். காலெல்லாம் அட்டை கடித்து ரத்தம், கையில் சுத்தியல். அந்தப் படம் அறிக்கையின் அட்டையில் வந்தது. உள்ளே அலமாரியில் இருக்கிறது. வேண்டாம், எடுக்க வேண்டாம்.

வெள்ளச்சி ஒவ்வொரு மரத்திலும் தகட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் அடித்தேன். பதினான்காவது மரம் அவள் அப்பன் வெட்டு வைத்த மரம். அங்கே மட்டும் "பாத்து அடிங்க" என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள்? அந்த ஊரில் மரத்துக்குப் பட்டா இல்லை. யாருடைய இரும்பு மரத்துக்குள் போகிறதோ, மரம் அவருடையது. அப்பன் வெட்டு வைத்தால் அப்பனுடையது, பிறகு பிள்ளையுடையது. சொந்தக்காரர் பக்கத்தில் நின்றிருக்க, இன்னொருவர் வந்து தன் இரும்பை மரத்தில் இறக்கினால், அது கொடுத்ததற்கு அடையாளம். அந்த நேரத்திலிருந்து மரம் வந்தவருடையது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை அம்மா. நான் அந்த மரத்தின் குடும்பம், பேரினம், இலை நரம்பின் அமைப்பு வரைக்கும் சொல்வேன்.

அவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை.

அந்த வருடம் தை பிறந்தது. வெட்டு வைக்கிற காலம். கரியனும் வெள்ளச்சியும் வால்பாறை அலுவலகத்துக்கு வந்தார்கள். தலையெல்லாம் வாரிக்கொண்டு, அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு.

"தை பொறந்திருச்சு நோட்டம்மா. நீங்க வந்து மொத வெட்டு வெக்கணும்" என்றான்.

நான் என்ன நினைத்திருப்பேன்? ஒரு அமைச்சரைக் கூப்பிட்டு ரிப்பன் வெட்டச் சொல்வது மாதிரி என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். மனசு நிறைந்துவிட்டது. நிறைந்த மனசோடு மறுத்தேன்.

"நான் எதுக்கு கரியா? இது உங்க காடு. நீங்கதான் வெட்டணும். நான் தள்ளி நின்னு பாக்கறவ."

"நாங்களா? நீங்க வராமயா?"

"நான் வரவே கூடாது. நாளைக்கு நான் இல்லேன்னாலும் இது நடக்கணும் இல்லியா?"

வெள்ளச்சி என்னையே பார்த்தாள். "எங்க மேல கோவமா?" என்றாள்.

"கோவமா? எனக்கா?" நான் அவள் தோளைத் தட்டி அனுப்பிவைத்தேன். அன்றைக்கே அறிக்கையில் ஒரு பத்தி எழுதினேன். மக்கள் எங்களைச் சார்ந்திருக்கும் மனநிலையிலிருந்து அவர்களை விடுவிக்க வேண்டும் என்று. நல்ல நடையில் எழுதியிருந்தேன். சென்னையிலிருந்து ஒருவர் போன் செய்து அந்தப் பத்தியைப் பாராட்டினார்.

பத்து நாள் கழித்து வெள்ளச்சி தனியாக வந்தாள். ஒரு போத்தல் தேன் கொண்டுவந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தாள். போகும்போது, "மழ வந்தா வெட்டு வெக்க முடியாது" என்றாள். "ஆமாம், சீக்கிரம் வெட்டுங்க" என்றேன் நான்.

மூன்றாவது தடவை கரியன் வந்தான்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் எழுதுவதை ஒரு நிமிடம் நிறுத்துங்கள்.

நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். அந்த வெளிநாட்டு நிறுவனத்தோடுதான். சரக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள், நான் சமாளித்துக்கொண்டிருக்கிறேன். கரியன் உள்ளே வந்தான். துண்டைப் பிரித்து ஒரு வெட்டுக்கத்தியை எடுத்து என் மேஜையில் வைத்தான். பிடி என் பக்கம் இருக்கும்படி வைத்தான். புதிதாகச் சாணை பிடித்திருந்தான். பிடியில் கொஞ்சம் மஞ்சள் பூசியிருந்தது. அதெல்லாம் என் கண்ணில் பட்டது, அம்மா. பட்டது. ஆனால் நான் போனைக் கையால் மூடிக்கொண்டு சொன்னேன்:

"இதென்ன கரியா, ஆபீஸ் மேஜையில கத்திய வெக்கற? எடு முதல்ல. யாராவது பாத்தா என்ன நெனைப்பாங்க?"

அவன் எடுத்தான். துண்டில் சுற்றினான். "தப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். தப்புங்க என்றான். அவன்.

அந்த வருடம் யாரும் வெட்டு வைக்கவில்லை. அடுத்த வருடமும் இல்லை. நிறுவனம் விலகிக்கொண்டது. திட்டத்தை மூடினார்கள். கடைசி அறிக்கையை நான்தான் எழுதினேன். நீங்கள் பையில் வைத்திருக்கிறீர்களே, அதுதான். பக்கம் முப்பத்தொன்று. எனக்கு மனப்பாடம். 'சமூகத்தின் ஆர்வக் குறைவே தோல்விக்குக் காரணம். மரங்களை மக்கள் தாமாகவே கைவிட்டனர்.' தாமாகவே. இந்தச் சொல்லைப் போடலாமா வேண்டாமா என்று அரை நாள் யோசித்துப் போட்டேன்.

ஒப்பந்தக்காரர் பக்கம் இப்போது இரண்டு சாட்சி, இல்லையா? ஒன்று என் அறிக்கை. இன்னொன்று வெள்ளச்சியின் உண்மை.

எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்கிறீர்கள். கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

இரண்டு வருடம் ஆகிறது. சிநேகிதி ஒருத்தியின் மகள் கல்யாணத்துக்கு வால்பாறை போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு குரல்.

"நோட்டம்மா! நீங்கதானா? என்ன இப்பிடி வத்திப் போயிட்டீங்க!"

வெள்ளச்சி. இடுப்பில் தேயிலை பறிக்கிறவர்கள் கட்டுகிற சாக்குத் துணி. எஸ்டேட்டில் தற்காலிகக் கூலியாகப் போகிறாளாம். கரியன் ரோடு வேலைக்குப் போகிறானாம். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள், நான் கொடுக்கிறேன் என்றால் விடவில்லை. பிறகு சொன்னாள்.

"உங்க மரமெல்லாம் சொகமா இருக்கு."

"எந்த மரம் வெள்ளச்சி?"

"எந்த மரமா? கேளுங்க இவங்க பேச்ச!" பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொல்லிச் சிரித்தாள். "இருவத்தேழு மரம் வெச்சிருக்கறவங்க, எந்த மரம்னு கேக்கறாங்க. போன மாசம்கூடப் போயி சுத்திச் சருகு கூட்டித் தள்ளிட்டு வந்தோம், தீ வந்தா ஏறக் கூடாதுன்னு. பதினாலாம் நம்பர்ல மட்டும் ஒரு கொப்பு ஒடஞ்சிருக்கு. ஆனை."

ஒவ்வொரு வருடமும் கோடையில் போயிருக்கிறார்கள். கூலியை விட்டுவிட்டு, இரண்டு நாள் நடந்து, என் மரங்களுக்குக் காவல் பார்த்திருக்கிறார்கள். ஒரு துளிப் பிசினைத் தொடவில்லை.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரும்பு, கொடுப்பது, சொந்தக்காரர் கையால் முதல் வெட்டு வைத்தால்தான் மற்றவர்கள் அந்த வருடம் தொடலாம் என்பது, எல்லாம். அந்தக் கத்தி எனக்காகச் செய்தது என்பதும்.

"ஏன் வெள்ளச்சி என்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். நான் சத்தம் போட்டேன் என்றுதான் நினைக்கிறேன், சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"எதச் சொல்றது?"

"மரத்தக் குடுத்துட்டோம்னு."

அவள் முகம் சுருங்கியது. "குடுத்ததச் சொல்லிக் காட்டுவாங்களா யாராச்சும்? எம்புள்ளைக்கு வலி வந்தப்ப நீங்க ஜீப்பு எடுத்துட்டு வந்தீங்க. அத என்னைக்காச்சும் சொல்லிக் காட்டினீங்களா?"

நான் அறிக்கையில் எழுதியிருந்தேன் அம்மா. அந்த ஜீப்பை. 'அவசர மருத்துவ உதவி' என்ற தலைப்பில், தேதியோடு. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"நான் கேட்டது ஆணி அடிக்க மட்டும்தான்" என்றேன்.

"ஆணி அடிக்கறதுக்காக யாராச்சும் ஆணி அடிப்பாங்களா?" என்றாள்.

பஸ் வந்தது. 'வந்து வெட்டு வெச்சிட்டுப் போங்க, இல்லேன்னா திருப்பிக் குடுத்துருங்க' என்றாள். வருகிறேன் என்றேன். ஜன்னலிலிருந்து கையும் காட்டினேன்.

போகவில்லை.

முட்டியில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள், அது உண்மை. சென்னையில் மகளுக்குப் பிரசவம், அதுவும் உண்மை. அப்புறம் மழை. மழை விட்டால் வெயில். அறிக்கையைத் திருத்தி ஒரு கடிதம் எழுதலாம் என்று நாலு தடவை உட்கார்ந்தேன். திட்டமே மூடியாயிற்று, யார் படிக்கப் போகிறார்கள் என்று எழுந்துவிட்டேன். இதெல்லாம் காரணங்கள். நீங்கள் தலையை ஆட்டுகிறீர்கள். ஆட்ட வேண்டாம். இவை காரணங்களே இல்லை.

நிஜத்தைச் சொல்கிறேன். இதை எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

எனக்குப் பிடித்திருந்தது.

இந்த வீட்டில் மத்தியானம் தனியாக உட்கார்ந்திருக்கும்போது நினைத்துக்கொள்வேன். எனக்கு இருபத்தேழு மரங்கள் இருக்கின்றன. இப்போது அங்கே மழை பெய்கிறது, என் மரங்களின் மேல் பெய்கிறது. நம்பர் ஆறு துளிர்த்திருக்கும். நம்பர் இருபதுக்கு இருவாச்சி வந்திருக்கும். யாரோ போய்ச் சுற்றிலும் கூட்டிவிட்டு வருகிறார்கள், என்னுடையது என்பதால். காடு யாருக்கும் தனிச்சொத்து இல்லை என்று முப்பது வருடம் மாணவிகளுக்குச் சொன்னவள் நான். அந்த வாயாலேயே, சத்தம் வராமல், என் மரம் என் மரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம். அவள் தேயிலை பறித்துக்கொண்டிருந்த இரண்டு வருடம்.

ஆக, நீங்கள் சந்தேகப்பட்டு வந்தது சரிதான். நான் வளைத்துப் போட்டவள்தான். பத்திரம் இல்லாமல் போட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடிதம் கொடுங்கள் போதும் என்கிறீர்கள். கடிதம் இதோ, நீங்கள் போன் செய்தவுடனே எழுதிவிட்டேன். பக்கம் முப்பத்தொன்று பொய் என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். ஆனால் இது போதாது. என் கடிதத்தை அதிகாரி நம்புவார். வெள்ளச்சி நம்ப மாட்டாள். அவளுக்குக் காகிதம் ஒரு பொருட்டில்லை. வியாழக்கிழமை திரும்பவும் கேட்பார்கள், 'உங்கள் மரமா?' என்று. அவள் பொய் சொல்ல மாட்டாள். தனக்காகக்கூடச் சொல்ல மாட்டாள். மரம் நிஜமாகவே அவளுடையதாக ஆனால்தான் ஆமாம் என்பாள். அதற்கு நான் போக வேண்டும். அடித்த கையே ஆணியைப் பிடுங்க வேண்டும், பிடுங்கின இடத்துக்குப் பக்கத்தில் அவள் வெட்டு வைக்க வேண்டும், இருபத்தேழு மரத்திலும். இன்று திங்கள். நாளையும் நாளை மறுநாளும் இருக்கின்றன.

என் முட்டியைப் பார்க்காதீர்கள். முடியாத ஏற்றத்தில் அவர்கள் என்னைத் தூக்கிக்கொண்டு போவார்கள். எனக்குத் தெரியும். சாக்கை விரித்து உட்காரச் சொல்வார்கள், சாப்பிட்டீங்களா என்பார்கள். ஒருவரும் திட்ட மாட்டார்கள். திட்டினால் தாங்கிக்கொள்வேன் அம்மா, கல்லூரியில் வகுப்பு நடத்தியவள், எவ்வளவோ கேட்டிருக்கிறேன்.

உங்கள் ஜீப்பில் எனக்கும் இடம் இருக்கும்தானே? எழுந்திருக்கக் கொஞ்சம் கை கொடுங்கள். அப்படித்தான்.

நீங்கள் ஒன்று கேட்டீர்கள், அவர்களிடம் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று. நானும் இரண்டு வருடமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், நல்ல நல்ல வாக்கியங்களாக. வெள்ளச்சி அன்றைக்கு பஸ் படியில் நின்று சொன்னதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். திருப்பிக் கொடுக்கிறவர் வாயைத் திறக்கக் கூடாதாம். கடைசி மரம் முடிகிற வரைக்கும் ஒரு சொல் பேசக் கூடாது. பேசினால் அந்தக் கொடுப்பு செல்லாது. மன்னித்துக்கொள் என்றுகூடச் சொல்லக் கூடாது.